கதை தெரிந்த கொட்டகை: மௌனப் படமும் பெருநூல்களும்

பேசத் தெரியாத ஒரு கருவி, பேச்சால் ஆன நூல்களை ஏன் தேடிப் போயிற்று? மௌனப் பட வரலாற்றைப் படிக்கிறவருக்கு எழ வேண்டிய முதல் கேள்வி இது. 1913-ல் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் தொடங்கி, 1930-களின் நடுவில் பேசும் படம் முழுதாக இடம் பிடிக்கும் வரை இந்தியாவில் சுமார் 1,300 மௌனக் கதைப்படங்கள் எடுக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் வியாசர் இருக்கிறார், காளிதாசர் இருக்கிறார், சூத்ரகர் இருக்கிறார். பங்கிம் சந்திரர், தாகூர், சரத் சந்திரர், ஹரி நாராயண் ஆப்டே, சி.வி. ராமன் பிள்ளை ஆகியோரும் இருக்கிறார்கள். எழுத்தைப் படமாக்கும் ஆசை சினிமாவோடு கூடவே பிறந்திருக்கிறது.

இந்த ஆசை நம் நாட்டோடு நிற்கவில்லை. இத்தாலியில் தாந்தேயின் நரகத்தை மூன்று ஆண்டு உழைத்து 1911-ல் படமாக்கினார்கள். சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்த விக்தர் ஹியூகோவின் நாவலை, பிரான்சில் 1912-ல் ஆல்பெர் காப்பெல்லானியும் 1925-ல் ஆன்ரி ஃபெஸ்கூரும் மணிக்கணக்கில் ஓடும் படங்களாக எடுத்தார்கள். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் 1924-ல் நிபெலுங்கர் காவியத்தை இரண்டு பாகமாக்கினார். அங்கெல்லாம் இதற்கு முக்கியமான காரணம் கௌரவம். திருவிழாக் கூட்டத்துக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்த சினிமா, படித்தவர்களையும் காசுள்ளவர்களையும் அரங்குக்கு வரவழைக்கப் பெரிய எழுத்தாளர்களின் பெயரைக் கடன் வாங்கியது.

இந்தியாவில் கணக்கு வேறு. இங்கே படமெடுத்தவர்கள் முதலில் தேடியது, கொட்டகைக்கு வருகிறவனுக்கு முன்பே தெரிந்த கதையை. ஒரு நூல் மௌனத் திரையில் எப்படி உருமாறியது, எவ்வளவு செலவு கேட்டது, யார் நடித்தார்கள், யார் வழக்குப் போட்டார்கள் என்பதையெல்லாம் அந்தக் கதை எவ்வளவு பரவலாகத் தெரிந்திருந்தது என்பதை வைத்தே விளக்கிவிடலாம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். புராணம், சம்ஸ்கிருத நாடகம், நாவல் என மூன்று படிகள். மேலே ஏற ஏறக் கதை தெரிந்தவர்களின் எண்ணிக்கை குறையும், படமெடுப்பவரின் பாரம் கூடும்.

ஓர் எச்சரிக்கை. அந்த 1,300 படங்களில் ஏதோ ஒரு துண்டாவது மிஞ்சியவை மிகச் சில. நைட்ரேட் ஃபிலிம் எரிந்தது, மக்கியது, வெள்ளிக்காக உருக்கப்பட்டது. ஆகவே விளம்பரம், நோட்டீஸ், நினைவுக் குறிப்பு, மூல நூல் ஆகியவற்றை வைத்துத்தான் பெரும்பாலும் பேச வேண்டியிருக்கிறது.

முதல் படி: பாரதம் தெரியாதவர் யார்?

தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் சென்னையில் மோட்டார் கார் வியாபாரம் செய்தவர். ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமராவைக் கற்றுக்கொண்டு புரசைவாக்கத்தில் இந்தியா ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கினார். 1917-18 வாக்கில் அவர் எடுத்த படம் ‘கீசக வதம்’. சென்னை வெயிலில் ஃபிலிமைக் கழுவினால் கெட்டுவிடும் என்று பெங்களூரில் ஒரு லேபரட்டரி வைத்துக்கொண்டார். படப்பிடிப்பு சென்னையில், கழுவுவது மைசூர் சமஸ்தானத்துக் குளிரில். சுமார் 35,000 ரூபாய் செலவு என்றும் 50,000 ரூபாய் வசூல் என்றும் சினிமா வரலாறுகளில் படிக்கிறோம்.

அவர் ஏன் கீசகனைத் தேர்ந்தெடுத்தார் என்று யோசித்தால் சூட்சுமம் புரியும். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பதும், இரவெல்லாம் கூத்து நடப்பதும் வட தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நிகழ்கிற காரியம். விராடன் வீட்டில் பாஞ்சாலி வேலைக்காரியாக இருப்பதும், கீசகன் அவளைத் துரத்துவதும், இருட்டு மண்டபத்தில் பெண் வேஷத்தில் பீமன் காத்திருப்பதும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அத்துபடி. துரத்தல், ஒளிதல், வேஷம், மல்யுத்தம் எல்லாமே கண்ணுக்கானவை. வசனம் வேண்டிய இடம் குறைவு, அந்தக் குறைந்த இடத்தையும் பார்க்கிறவர் தாமே நிரப்பிக்கொள்வார். ‘திரௌபதி வஸ்திராபஹரணம்’, ‘லவ குசா’, ‘மயில் ராவணா’ என்று முதலியார் அடுத்தடுத்துப் போனதும் இதே வழியில்தான்.

பால்கேயின் ‘லங்கா தகனம்’ (1917) சென்னையில் ஓடியபோது வசூலான சில்லறையை மாட்டு வண்டியில் போலீஸ் காவலோடு கொண்டுபோனார்கள் என்று ஒரு கதை உண்டு. மிகைப்படுத்தலாக இருக்கலாம். ஆனால் அனுமார் வாலில் தீ வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள்தான் அந்தச் சில்லறையைக் கொடுத்தார்கள். என்ன நடக்கும் என்ற ஆவலை விட, தெரிந்தது எப்படிக் காட்டப்படும் என்ற ஆவல் அவர்களை அழைத்து வந்தது.

இந்தப் படியில் இன்னொரு நுட்பம் உண்டு. ஒரே கதைக்கு நூல் வடிவம் ஒன்றும் ஊர் வடிவம் ஒன்றும் இருந்தால், திரைக்குக் கை கொடுப்பது ஊர் வடிவம். ஏ. நாராயணன் சென்னையில் தொடங்கிய ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் 1930-ஐ ஒட்டி ‘கோவலன்’ என்ற மௌனப் படத்தை எடுத்தது. உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சேற்றிச் சுமார் நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. ஆனாலும் கோவலன் கண்ணகி கதையைப் பெரும்பாலோர் அறிந்தது இளங்கோவடிகள் வழியாக இல்லை. கோவலன் கதைப் பாட்டு, சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோரின் மேடை நாடகம் ஆகியவை வழியாகத்தான். கொட்டகைக்கு வந்தவர்கள் மனத்தில் கொண்டுவந்த கோவலன் அந்தக் கோவலன். செவ்வியல் நூல் திரைக்கு வந்தது என்று நாம் எழுதும்போது, எந்த வாசல் வழியாக வந்தது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொட்டகை ஊமையில்லை

‘ஊமைப் படம்’ என்ற பெயரை நம்பி அன்றைய கொட்டகையை அமைதியான இடமாகக் கற்பனை செய்யக் கூடாது. ஆர்மோனியம், தபேலா, பெரிய ஊர் என்றால் பேண்டு வாத்தியம். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். எழுத்து அட்டை வரும்போது உரக்கப் படிப்பார், வில்லன் வரும்போது திட்டுவார், சண்டை வரும்போது கூட்டத்தைக் கிளப்புவார். அட்டைகளையே இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு மொழிகளில் போட்டார்கள். ‘கீசக வதம்’ படத்துக்குத் தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் அட்டைகள் இருந்தன. இந்தி அட்டைகளை எழுதியவர் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி.

சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28-ல் நாடு முழுக்கச் சுற்றி 353 சாட்சிகளை விசாரித்த சினிமா விசாரணைக் குழுவின் பதிவுகளைப் படித்தால், இந்தியப் பார்வையாளரில் பெரும்பகுதியினர் எழுத்தறியாதவர்கள் என்ற கவலை திரும்பத் திரும்ப வரும். அட்டையைப் படிக்கத் தெரியாதவருக்கு விளக்கம் சொல்பவரே உரையாசிரியர். பாகவதர் கதாகாலட்சேபத்தில் செய்கிற வேலைக்கும் இவர் செய்த வேலைக்கும் தூரம் அதிகம் இல்லை.

அப்படியானால் சொல் காணாமல் போகவில்லை, திரையிலிருந்து கொட்டகைக்குள் இடம் மாறிவிட்டது. புராணப் படத்துக்கு இந்த ஏற்பாடு போதும். விளக்குகிறவருக்கும் கதை தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். கதை பாதிப் பேருக்குத் தெரியாது, விளக்குகிறவருக்கே சந்தேகம் என்றால் என்ன செய்வது? இரண்டாம் படியின் சிக்கல் இங்கே ஆரம்பிக்கிறது.

இரண்டாம் படி: மைசூரும் மிருச்சகடிகமும்

சம்ஸ்கிருத நாடகத்தைப் படமாக்கும் முயற்சிகள் பம்பாயில் 1920-லேயே தொடங்கிவிட்டன. சுசேத் சிங்கின் ஓரியண்டல் கம்பெனி டோரதி கிங்டம் என்ற அமெரிக்க நடிகையைச் சகுந்தலையாக்கியது, அதே ஆண்டில் சூத்ரகனின் மிருச்சகடிகத்தையும் எடுத்தது. பத்தாண்டு கழித்து, 1930-31 வாக்கில், மோகன் தயாராம் பவ்னானி அதே மிருச்சகடிகத்தை ‘வசந்தசேனா’வாக எடுத்தார். கன்னட மௌனப் படங்களின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் இந்தப் படத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

பவ்னானி சாதாரண ஆள் இல்லை. மான்செஸ்டரில் படித்தவர், ஜெர்மனியின் ஊஃபா ஸ்டூடியோவில் வேலை கற்றவர், பம்பாயில் நடிகை சுலோசனாவை வைத்துப் பெயர் பெற்றவர். பிற்பாடு 1934-ல் பிரேம்சந்தைக் கொண்டு ‘மில்’ படத்துக்குக் கதை எழுத வைத்தவரும், சுதந்திரத்துக்குப் பின் ஃபிலிம்ஸ் டிவிஷனை நடத்தியவரும் இவரே. எழுத்தாளர்களோடும் கலைஞர்களோடும் சினிமாவைச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் கடைசி வரை இருந்தது.

மிருச்சகடிகம் கன்னட நாட்டோடு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. மைசூர் அரண்மனைக்குத் தெற்கே உள்ள அக்ரஹாரம் பகுதியையும், அதைச் சுற்றிய பழைய மைசூரையும் எண்ணிப் பாருங்கள். 1876-ல் சம்ஸ்கிருதக் கல்லூரி, 1891-ல் கீழைச்சுவடி நூலகம். தஞ்சைப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஏட்டிலிருந்து ஆர். சாமசாஸ்திரி அர்த்தசாஸ்திரத்தை 1909-ல் பதிப்பித்தது அந்த நூலகத்தில்தான். 1880-களில் அரண்மனை நாடகக் கம்பெனிக்காகப் பசவப்ப சாஸ்திரி காளிதாசனின் சாகுந்தலத்தைக் கன்னடமாக்கினார், ‘அபிநவ காளிதாச’ என்று பெயரும் பெற்றார். பின்னால் ஏ.வி. வரதாசாரியின் ரத்னாவளி நாடகக் கம்பெனி மைசூரிலிருந்து புறப்பட்டு ஊர் ஊராகப் போயிற்று. அக்ரஹாரத்துத் திண்ணையில் சுலோகமாகக் கேட்டது டவுன் ஹால் மேடையில் கன்னடப் பாட்டாக வந்துவிட்ட ஊர் அது. வேறு ஊர்களில் பண்டிதர்களோடு நின்றுவிட்ட சூத்ரகன், அங்கே மேடைக்காரர்களுக்கும் நாடகம் பார்த்தவர்களுக்கும் ஓரளவு தெரிந்தவனாக இருந்தான்.

ஓரளவுதான் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கீசகனைத் தெரிந்த மாட்டு வண்டிக்காரருக்கு மிருச்சகடிகத்தின் நாயகன் சாருதத்தனைத் தெரியாது. ஆகவே படத்தின் முன்னால் இரண்டு கூட்டம் உட்கார்ந்திருக்கும்: மூல சுலோகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு குறை தேடும் கூட்டம் ஒன்று, கதை எங்கே போகிறது என்றே பிடிபடாத கூட்டம் ஒன்று. இரண்டையும் ஒரே படத்தால் கட்டிப் போட வேண்டும்.

நாடகத்தின் உள்ளே புகுந்து பார்த்தால், எவ்வளவு கிடைத்தது எவ்வளவு இழந்தது என்று எடை போடலாம். மூன்றாம் அங்கத்தில் சர்விலகன் என்ற பிராமணத் திருடன் சாருதத்தன் வீட்டில் கன்னம் வைக்கிறான். தாமரை, சூரியன், பிறை, குளம், பூர்ணகும்பம் என்று கன்னத்துக்கு எத்தனை வடிவம் உண்டோ அத்தனையையும் சாஸ்திரப்படி யோசித்து, கும்பத்தைத் தேர்ந்தெடுக்கிறான். அளவு நூல் கொண்டுவர மறந்துவிட்டது. உடனே மார்பில் கிடக்கும் பூணூலை எடுத்துச் சுவரை அளக்கிறான். பூச்சியோ பாம்போ கடித்ததும் அதே பூணூலால் விரலைக் கட்டிக்கொள்கிறான். இந்தக் காட்சிக்கு ஒரு வசனமும் தேவையில்லை. கேமரா விரலையும் நூலையும் கிட்டத்தில் காட்டினால் போதும், எந்த மொழிக்காரரும் சிரிப்பார். பூணூல் போட்டவர்கள் நிறைந்த அரங்கில் அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டதாக இருக்கும் என்பது தனி விஷயம்.

மழையும் இடியுமான ஐந்தாம் அங்கம், மண் வண்டி வேண்டாம், பொன் வண்டிதான் வேண்டும் என்று அழும் குழந்தைக்காகக் கணிகை வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டியில் நிரப்பும் ஆறாம் அங்கம், வண்டி மாறிப் போவதால் வருகிற விபரீதம், கடைசியில் கொலைக்களத்துக்குச் சாருதத்தன் நடந்து போவது. இவையெல்லாம் கேமராவுக்காகவே எழுதியவை போல இருக்கும்.

இழப்பு எங்கே என்றால் சகாரனிடத்தில். ராஜாவின் மைத்துனனான இந்தப் பாத்திரத்தின் உயிர் அவன் வாயில் இருக்கிறது. ‘ஸ’வெல்லாம் அவனுக்கு ‘ச’. ராமாயணத்தையும் பாரதத்தையும் குழப்பி, திரௌபதி ராமனுக்குப் பயந்து ஓடியதாக உவமை சொல்வான். நாடகமே பல மொழிகளின் கூடம்: கதாநாயகன் சம்ஸ்கிருதம் பேசுவான், வசந்தசேனை சௌரசேனி பேசுவாள், வண்டிக்காரனுக்கும் சூதாடிக்கும் கொலைஞனுக்கும் தனித்தனிப் பிராகிருதம். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைப் பேச்சை வைத்தே சூத்ரகன் சொல்லிவிடுகிறான். எழுத்து அட்டையில் இது வராது. அட்டையில் எல்லோரும் ஒரே கையெழுத்தில்தான் பேசுவார்கள். மௌனத் திரையில் சகாரன் உடம்பால் மட்டுமே முட்டாளாக இருக்க முடியும்.

தமிழில் இந்த நாடகத்துக்குப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ என்று அருமையான வடிவம் தந்தார். அது வந்தது 1933-ல், படம் வந்த பிறகு. அதாவது தமிழ்க் கொட்டகைக்காரருக்கு இந்தக் கதையை முன்கூட்டிச் சொல்லிவைக்கத் தமிழில் பரவலான ஒரு நூல் அப்போது இல்லை. மைசூருக்கு இருந்த அனுகூலம் சென்னைக்கு இல்லை.

யார் நடிக்கலாம்?

கதை எந்தப் படியில் நிற்கிறது என்பதற்கும் யார் நடிக்க முன்வருகிறார்கள் என்பதற்கும் தொடர்பு உண்டு. பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் தாராமதியாக நடித்தவர் சாளுங்கே என்ற ஆண். ‘லங்கா தகன’த்தில் ராமனும் அவரே, சீதையும் அவரே. நடராஜ முதலியாரின் ‘திரௌபதி வஸ்திராபஹரண’த்தில் திரௌபதி ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெண். சுலோசனா என்ற ரூபி மையர்ஸ் யூதக் குடும்பத்தவர், சீதா தேவி என்ற ரெனி ஸ்மித் ஆங்கிலோ-இந்தியர். குடும்பப் பெண்கள் என்று ஊர் சொல்லும் பெண்கள் கேமரா பக்கம் வரவில்லை.

‘வசந்தசேனா’ இந்த வழக்கத்தை உடைத்தது. கணிகையான வசந்தசேனையாக நடித்தவர், ‘ஷிராஸ்’ படத்தில் ஏற்கெனவே நடித்திருந்த ஏனாக்ஷி ராமராவ். பிறகு அவர் பவ்னானியை மணந்து, இந்திய நடனம் பற்றி விரிவான நூலும் எழுதினார். கமலாதேவி சட்டோபாத்யாயவும் படத்தில் நடித்தார். மங்களூர்ச் சாரஸ்வத பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், 1926-ல் சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலில் நின்றவர், 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை போனவர். அப்படி ஒருவர் சினிமாவில் நடிக்கத் துணிந்ததற்கு அவருடைய தைரியம் முதல் காரணம். நூலின் மதிப்பு அதற்குத் துணை நின்றது என்று நினைக்கிறேன். சூத்ரகன் நாடகம் என்றால் அது கலைச் சேவை, இலக்கியத் தொண்டு. கணிகை வேஷமே ஆனாலும் ஊர் வாயை ஓரளவு மூட ஒரு செவ்வியல் நூலால் முடிந்தது.

இதே காலத்தில் திருவனந்தபுரத்தில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ 1930-ல் கேபிடல் தியேட்டரில் திரையிடப்பட்டது. தலித் பெண்ணான பி.கே. ரோசி நாயர்ப் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காத கூட்டம் கலவரம் செய்தது. ரோசி ஊரை விட்டே ஓட வேண்டியிருந்தது. அந்தப் படம் எந்தப் பெரிய நூலிலிருந்தும் வரவில்லை, டேனியலே எழுதிய சமூகக் கதை. ரோசிக்குப் பின்னால் காளிதாசனும் இல்லை, சூத்ரகனும் இல்லை, சாதியின் பாதுகாப்பும் இல்லை. மேல்சாதிப் பெண் கணிகையாக நடித்தால் அது கலை; கீழே தள்ளப்பட்ட பெண் மேல்சாதிப் பெண்ணாக நடித்தால் அது குற்றம். செவ்வியல் நூல் விரித்த குடை எல்லோருக்கும் நிழல் தரவில்லை.

மூன்றாம் படி: நாவலும் நீதிமன்றமும்

நாவலுக்கு வந்தால் கதைக்கு உரிமையாளர் என்று ஒருவர் வந்துவிடுகிறார். வியாசர் வழக்குப் போட மாட்டார், சூத்ரகனும் போட மாட்டான். பதிப்பாளர் போடுவார்.

அமெரிக்காவில் கேலம் கம்பெனி 1907-ல் ‘பென்-ஹர்’ நாவலை அனுமதி கேட்காமலேயே படமெடுத்தது. பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்தார்கள். 1911-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் படமெடுப்பதும் நூலை நாடகமாக்குவதற்குச் சமம்தான் என்று தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் ‘டிராகுலா’வை ‘நோஸ்ஃபெராட்டு’ (1922) என்று பெயர் மாற்றி எடுத்தும் பலிக்கவில்லை. பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்காடி, பிரதிகளை அழிக்க உத்தரவு வாங்கினார்.

நம் பக்கத்து உதாரணம் ‘மார்த்தாண்ட வர்மா’. சி.வி. ராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட சரித்திர நாவல் அது. பத்மநாபபுரம், சாரோடு என்று கதை நடக்கும் இடங்களில் பல இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கின்றன. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தரராஜ், டேனியலின் உறவினர், பி.வி. ராவ் இயக்கத்தில் 1933-ல் இதைப் படமாக்கினார். அந்த நேரத்தில் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தும் மௌனப் படம்தான்.

இங்கேயும் பழைய பிரச்சினை. படித்தவர் வீட்டில் நாவல் செல்லம். வெளியே அது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அட்டைகள் போட்டார்கள். மலையாள அட்டைகளில் பல, நாவலின் வாசகங்களையே எடுத்துக்கொண்டன. பைத்தியக்காரன் வேஷத்தில் அலையும் அனந்தபத்மநாபன் திரையில் நின்றுவிடுவான், வேஷம் கண்ணுக்கானது. சுந்தரய்யன் பேசும் தமிழ் கலந்த மலையாளம் நிற்காது. மைசூர்ப் பக்கம் சகாரனுக்கு நேர்ந்ததே நாகர்கோவிலில் சுந்தரய்யனுக்கும் நேர்ந்தது. படத்தின் முடிவில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆறாட்டு ஊர்வலத்தை நிஜமாகவே படம்பிடித்துச் சேர்த்திருந்தார்கள். சரித்திரக் கதைக்குச் சமகால ராஜாவின் சாட்சி.

நாவலின் பதிப்புரிமை கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது. ராமன் பிள்ளை 1922-லேயே காலமாகிவிட்டார். படம் கேபிடல் தியேட்டரில் ஓடத் தொடங்கியதும் பதிப்பகம் தடை உத்தரவு வாங்க, படம் சீக்கிரமே கொட்டகையை விட்டு இறங்கியது. சுந்தரராஜுக்குப் பெருநஷ்டம். பிரதி பதிப்பகத்தார் வசம் சேர்ந்து தங்கிவிட்டது. 1970-களில் அதைக் கண்டெடுத்துப் பூனா தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் சேர்த்தார்கள். தென்னிந்திய மௌனப் படங்களில் இந்த அளவுக்குக் கிடைப்பது வேறு எதுவும் இல்லை. ஓடி ஓடித் தேய்ந்த படங்கள் அழிந்தன, ஓட விடாமல் நிறுத்திய படம் பிழைத்தது.

நாவல் எல்லா இடத்திலும் தோற்றது என்று சொல்லிவிட முடியாது. கோலாப்பூரில் பாபுராவ் பெயிண்டர் ஹரி நாராயண் ஆப்டேயின் சரித்திர நாவலை ‘சிங்ககட்’ (1923) என்றும், நாராயண் ஹரி ஆப்டேயின் கதையை ‘சாவ்காரி பாஷ்’ (1925) என்றும் எடுத்தார். இரண்டாவது, வட்டிக்காரனிடம் நிலத்தை இழந்து மில் கூலியாகிற விவசாயியின் கதை. விவசாயியாக நடித்தவர் பிற்காலத்து வி. சாந்தாராம். நாவலைப் படிக்காதவனுக்கும் வட்டிக் கடையைத் தெரியும். புராணத்துக்கு மக்கள் நினைவு செய்த வேலையை இங்கே மக்கள் வாழ்க்கை செய்துவிட்டது.

பிரம்மாண்டம் என்ற பேச்சு

ஹிமான்ஷு ராயும் ஜெர்மானியர் ஃபிரான்ஸ் ஆஸ்டனும் சேர்ந்து எடுத்த படங்களைப் பேசாமல் இந்தக் கேள்வி முடியாது. ‘ஆசியாவின் ஒளி’ (1925) எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் காவியத்தை மூலமாகக் கொண்டது. பின்னால் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘ஆசிய ஜோதி’ என்று தமிழாக்கிய அதே காவியம். ஜெய்ப்பூர் மகாராஜா யானை, குதிரை, ஆள், அரண்மனை எல்லாம் கொடுத்து உதவினார். பாரதச் சூதாட்டத்தைத் தழுவிய ‘பிரபஞ்ச பாஷ்’ (1929) படத்துக்கு 10,000 துணை நடிகர், 1,000 குதிரை, 50 யானை என்று விளம்பரம் செய்தார்கள்.

ஐரோப்பாவில் இவை பெயர் வாங்கின. உள்ளூரில் ‘ஆசியாவின் ஒளி’ போட்ட பணத்தை எடுக்கவில்லை. புத்தர் கதை தெரியாத கதை இல்லையே என்று கேட்கலாம். ஆனால் திரையில் வந்தது ஆர்னால்ட் வழியாக, ஐரோப்பியக் கண்ணுக்காகச் சீவி முடித்த புத்தர் கதை. நம் சந்தையில் நம் பொருளையே கப்பலேற்றி அனுப்பித் திரும்ப வாங்கிய மாதிரி. யானைகளின் எண்ணிக்கை அந்த இடைவெளியை மூடவில்லை.

பிரம்மாண்டம் எங்கே தேவைப்பட்டது என்று கவனித்தால் எனக்கு ஒரு ஒழுங்கு தெரிகிறது. புராணப் படம் சின்னச் செட்டிலும் நிற்கும், பனை ஓலைக் கொட்டகையில் கூத்து நிற்கவில்லையா? கதை தெரியாத இடத்தில்தான் அரண்மனையும் யானையும் கொண்டுவந்து கண்ணை நிரப்ப வேண்டியிருந்தது.

பேச்சு வந்த பிறகு

பேசும் படம் வந்ததும் மூன்று படிகளும் மாறிவிட்டன என்று தோன்றலாம். 1941-ல் ஏ.வி. மெய்யப்பன் பங்கெடுத்துத் தயாரித்த கன்னட ‘வசந்தசேனா’ வந்தது. மௌனத் திரை வாயடைத்து வைத்திருந்த சகாரன் அதில் பேசினான். 1984-ல் கிரீஷ் கர்னாட் அதே நாடகத்தை இந்தியில் ‘உத்சவ்’ என்று எடுத்தார், ரேகா வசந்தசேனை. கர்நாடகத்தோடு சேர்ந்த கைகள் அந்த நாடகத்தை விட மனமில்லாமல் திரும்பத் திரும்ப எடுத்திருக்கின்றன.

ஆனால் மூலக் கணக்கு மாறியதாக எனக்குத் தெரியவில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாக வந்தபோது, தமிழ்நாட்டில் அரங்கு நிரம்பியதற்கு மூன்று தலைமுறை அதைத் தொடராகவும் நூலாகவும் படித்து வைத்திருந்தது முக்கியமான காரணம். தமிழுக்கு வெளியே அதே வரவேற்பு கிடைக்கவில்லை. வந்தியத்தேவன் இங்கே கீசகன் மாதிரி தெரிந்தவன், அங்கே சாருதத்தன் மாதிரி அறிமுகம் வேண்டியவன். ஒரு நாவல் எழுபது ஆண்டில் மூன்றாம் படியிலிருந்து முதல் படிக்கு இறங்கி வந்திருக்கிறது.

மௌனப் படத் தழுவல்களை மூலத்துக்கு எவ்வளவு விசுவாசமாக இருந்தன என்ற அளவுகோலால் அளந்தால் எல்லாமே குறையாகத்தான் தெரியும். அந்தக் கதை ஊருக்குள் எப்படிப் புழங்கியது, கூத்திலா, மேடையிலா, பண்டிதர் வீட்டிலா, பதிப்பகத்திலா என்று முதலில் விசாரிக்க வேண்டும். படப் பிரதி கிடைக்காத இடத்திலும் அந்த விசாரணையைச் செய்ய முடியும். நாடகக் கம்பெனி நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அரண்மனைக் கணக்கு, நீதிமன்றக் கட்டு என்று மைசூரிலும் சென்னையிலும் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் தேட வேண்டிய காகிதங்கள் ஏராளம். சினிமா ஆய்வாளரும் நாடக ஆய்வாளரும் தனித்தனியாகத் தேடிக்கொண்டிருப்பதை நிறுத்திச் சேர்ந்து தேடினால், காணாமல் போன படங்களைப் பற்றி இன்னும் எவ்வளவோ உறுதியாகச் சொல்லலாம்.